ஒரே குச்சி, வேறு வேறு இரவு: பாய்ன்செட்டியா மரம் குறித்த நிகழ்வு ஆய்வு

டிசம்பர் கடைசியில் பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே செக்கச்செவேலென்று நிற்கும்போதுதான் பாய்ன்செட்டியாவில் ஒரு குச்சி கேட்கலாமே என்று தோன்றும். நம் ஊரில் கேட்கவே கூடாத மாதம் அதுதான். கொடுப்பவர் நல்ல மனதோடு சிவந்த நுனியாகப் பார்த்து ஒடித்துக் கொடுக்கிறார். வாங்கியவரும் ஒழுங்காகவே நடுகிறார். பத்துப் பதினைந்து நாளில் சிவப்பு உதிர்கிறது, ஒரு மாதத்தில் குச்சி அடியிலிருந்து கறுக்கிறது. ‘நம்ம மண்ணுக்கு இது வராது’ என்று பேச்சு முடிந்துவிடுகிறது. மண்ணின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

குச்சி பிழைத்து வளர்ந்தவர்களிடம் வேறு இரண்டு குறைகள் இருக்கும். கிறிஸ்துமஸ் தொட்டியிலிருந்து எடுத்த குச்சி நான்கு வருடமாகியும் இடுப்பு உயரப் புதராகவே நிற்கிறது, மலை ஊர்களில் பார்த்ததுபோல் மரமாகவில்லை என்பது ஒன்று. மரமாகிவிட்டது, ஆனால் பச்சையாகவே இருக்கிறது, சிவக்கவில்லை என்பது மற்றொன்று. இந்த மூன்று குறைகளுக்கும் காரணம் தனித்தனி. முதலாவது குச்சி எடுத்த காலத்தைப் பற்றியது. இரண்டாவது அந்தக் குச்சிக்குள் குடியிருக்கும் ஓர் உயிரைப் பற்றியது. மூன்றாவது நட்ட இடத்து இரவைப் பற்றியது.

மரமும் தொட்டியும்

மெக்சிகோவின் பசிபிக் பக்கச் சரிவுகளிலும் குவாதமாலாவிலும் உள்ள இலையுதிர் காடுகளில் பாய்ன்செட்டியா சுமார் 4 மீட்டர் உயரம் போகும் சிறுமரம். எருக்கு, கள்ளி வகைகளைப் போல ஒடித்தால் பால் வடியும். கள்ளி இதற்கு உறவும்கூட. பூ என்று நாம் சொல்லும் சிவப்பு, நிறம் மாறிய இலை. நடுவில் பச்சையும் மஞ்சளுமாக மிளகு அளவில் குவிந்திருப்பவையே உண்மையான பூங்கொத்துகள். தண்டு வெளியே பார்க்கக் கட்டையாக இருந்தாலும் உள்ளே சோறும் பொந்துமாக இருக்கும். அதனால் காற்றில் முறியும், வெட்டுவாயில் தண்ணீர் தங்கினால் உள்ளுக்குள்ளேயே அழுகும். வேம்பையோ புங்கையோ நடுவதுபோல் தலைமுறைக் கணக்கில் நடுகிற மரமில்லை இது. சில வருடங்களுக்கு ஒருமுறை தன் குச்சியாலேயே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டிய மரம். குச்சி எடுக்கும் வேலை சரியாக அமையாவிட்டால் தோட்டத்தில் இது நிலைக்காது.

மெக்சிகோவில் அமெரிக்காவின் முதல் தூதராக இருந்த ஜோயல் ராபர்ட்ஸ் பாய்ன்செட், டாஸ்கோ பகுதியில் பார்த்த செடியை 1828இல் தன் நாட்டுக்கு அனுப்பினார். 1829 ஜூனில் ஃபிலடெல்ஃபியாவில் பென்சில்வேனியா தோட்டக்கலைச் சங்கத்தின் காட்சியில் அது முதன்முதலாகப் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. எடின்பரோவின் தாவரவியலாளர் ராபர்ட் கிரஹாம் 1836இல் பாய்ன்செட்டின் பெயரை அதற்குச் சூட்டினார். அமெரிக்காவில் வளரும் ரகங்களின் மரபணுவைக் காட்டுச் செடிகளோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வும் டாஸ்கோவைச் சுற்றிய குரேரோ மாநில வடபகுதியையே மூலமாகக் காட்டியது. உலகமெங்கும் தொட்டிகளில் நிற்பவற்றின் வேர் அந்தச் சின்ன வட்டாரத்தில் இருக்கிறது.

டாஸ்கோ வடக்கு 18½ பாகையில், கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. பகல் நீளத்தில் சென்னைக்கு அது பெரிய அந்நியம் இல்லை. அங்கே இரவில் குளிரும், இங்கே குளிராது. மூன்றாவது குறையின் பாதி விடை இதிலேயே இருக்கிறது.

குச்சிக்குள் இன்னொருவர்

கலிபோர்னியாவின் என்சினிடாஸ் ஊருக்கு 1923இல் இடம் மாறிய பால் எக்கே குடும்பம், தாய்ச்செடிகளை வயலில் வளர்த்துத் தொடர்வண்டியில் நாடெங்கும் அனுப்பியது. அந்தக் காலத்து ரகங்கள் நெட்டையானவை. நுனி கிள்ளினால் மேலே இரண்டு அல்லது மூன்று கிளை விடும், அவ்வளவுதான். தொட்டிக்கு அடர்த்தி வேண்டுமென்றால் ஒரே தொட்டியில் மூன்று நான்கு குச்சி சேர்த்து நடுவார்கள். 1964இல் நார்வேயிலிருந்து ‘ஆனெட் ஹெக்’ ரகம் வந்தது. ஒருமுறை கிள்ளினால் ஏறக்குறைய எல்லாக் கணுவிலிருந்தும் கிளைத்தது. ஒரு குச்சி ஒரு தொட்டியை நிரப்பியது, தொழிலே மாறிப்போனது.

இது ரகத்தின் பிறவிக் குணம் என்றுதான் பலரும் நினைத்தார்கள். கிளைக்காத ரகத்தை இந்த ரகத்தின் மேல் ஒட்டுக் கட்டினால் அதுவும் கிளைக்கத் தொடங்குகிறது, ஒட்டின் வழியாக ஏதோ ஒன்று கடக்கிறது என்று ஆய்வாளர்கள் ஜான் டோலும் ஹரால்ட் வில்கின்ஸும் 1990களின் தொடக்கத்தில் காட்டினார்கள். 1997இல் இங்-மிங் லீ குழு அந்த ‘ஏதோ ஒன்று’ ஃபைட்டோபிளாஸ்மா என்று உறுதி செய்தது. செல்சுவர் இல்லாத பாக்டீரியா வகை அது. செடியின் உணவுக் குழாயில் குடியிருக்கும். கத்தரியில் சிற்றிலை நோயும் எள்ளில் பூ இலையாகிப் போகும் நோயும் இதே இனத்தாரின் வேலைதான். நம் விவசாயி செடியோடு பிடுங்கி எரிக்கச் சொல்லும் நோய்க்கூட்டத்தின் உறவினர் ஒருவரைத்தான் உலகத் தொட்டிச்செடி வணிகம் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறது.

மரம் வேண்டுபவருக்கு இதில் நேரான பாடம் இருக்கிறது. டிசம்பரில் கடையில் விற்கும் குள்ளத் தொட்டிச்செடியின் குச்சி இந்த ஃபைட்டோபிளாஸ்மாவையும் சுமந்து வருகிறது. போதாக்குறைக்கு அந்தச் செடி வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தும் குடித்திருக்கும். மருந்தின் வேகம் சில மாதத்தில் தீரும், கூடவே வந்த இந்த ஃபைட்டோபிளாஸ்மாப் பயணி போகாது. ஒற்றைத் தண்டாக விட்டு, பக்கக் கிளைகளை வாராவாரம் கிள்ளி, மூங்கில் கட்டி ஏற்றினால் ஆள் உயரம் கொண்டுபோகலாம். அதற்குமேல் உங்கள் பொறுமையைப் பொறுத்தது. திசு வளர்ப்பில் நுனித் திசுவிலிருந்து செடி எடுத்தால் பயணி கழன்றுவிடுகிறது, அந்தச் செடி பழைய நெட்டை வழக்கத்துக்குத் திரும்புகிறது. ஆனால் அது ஆய்வகத்து வேலை.

மரம்தான் வேண்டுமென்றால் பழைய பங்களாத் தோட்டங்கள், தேவாலய வளாகங்கள், மலை ஊர் வேலிகள் ஆகியவற்றில் நிற்கும் நெட்டை வகையில் போத்து, அதாவது முற்றிய கிளைத் துண்டு, கேளுங்கள். கையில் இருப்பது எது என்று தெரியவில்லையா? எட்டு இலை வந்த ஒரு கிளையின் நுனியைக் கிள்ளிவிட்டு மூன்று வாரம் கழித்து எண்ணிப் பாருங்கள். மேல் கணுக்களில் மட்டும் இரண்டு மூன்று துளிர் வந்தால் நெட்டை. ஐந்து, ஆறு, ஏழு என்று கீழ்க் கணு வரை வந்தால் புதர். ஃபைட்டோபிளாஸ்மா வெட்டும் கத்தியாலோ மண்ணாலோ தாவுவதில்லை. தோட்டத்தில் அது கடக்கும் வழி ஒட்டுக்கட்டு. ஆகவே ‘இரண்டு நிறம் ஒரே மரத்தில்’ என்ற ஆசையில் தொட்டி ரகத்தை நெட்டை மரத்தின் மேல் ஒட்டாதீர்கள். நிறம் வரும், மரம் போகும்.

போத்தும் நுனிக் குச்சியும்

இரண்டு வகையில் எடுக்கலாம். கவாத்து செய்யும்போது விழும் முற்றிய கிளையில் எடுப்பது போத்து. கவாத்துக்குப் பின் தழைத்த இளங்கிளையின் தலையை எடுப்பது நுனிக் குச்சி. வீட்டுத் தோட்டத்துக்குப் போத்து எளிது. ஒரே நேரத்தில் நிறையச் செடி வேண்டுமென்றால் நுனிக் குச்சி.

போத்துக்குக் காலம் சிவப்பு உதிர்ந்த பிறகு: சமவெளியில் பிப்ரவரி கடைசி, மலையில் மார்ச். பென்சில் பருமனுள்ள, பட்டை பழுப்பேறிய கிளையில் 20 முதல் 30 செ.மீ. நீளம், குறைந்தது நான்கு கணு. அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே நேராக, மேல்வெட்டு கணுவுக்கு மேலே சாய்வாக. தலைகீழாக நட்டுவிடாமல் இருக்க இந்த வேறுபாடு உதவும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இலையில்லாத போத்தில் இந்தத் தவறு அடிக்கடி நடக்கிறது. வெட்டியதும் அடிமுனையை வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் நிறுத்தினால் பால் நின்றுவிடும். துடைத்துவிட்டு நிழலில் சில மணி நேரம் ஆறவிட்டு நடலாம். பால் வடிய வடிய நட்டால் வெட்டுவாயில் ஒரு தோல்போல் உறைந்து தண்ணீர் ஏறுவதைத் தடுக்கும். மேல்வெட்டில் மெழுகோ மஞ்சள் குழைவோ தடவுங்கள். பொந்துத் தண்டில் மழைநீர் இறங்கிவிடக் கூடாது. மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் இருக்கட்டும். துளிர் மூன்று வாரத்திலேயே வரும். அது சேமிப்பில் இருந்த சத்தில் வந்தது. வேர் பிடிக்க ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். துளிரைப் பார்த்துப் பெயர்த்து நட்டுக் கொன்றவர்கள்தான் அதிகம்.

நுனிக் குச்சி 6 முதல் 8 செ.மீ. போதும், இரண்டு மூன்று முற்றிய இலையோடு. சமவெளியில் ஜூலை, ஆகஸ்ட். அதிகாலையில், இலை விறைப்பாக இருக்கும்போது எடுக்க வேண்டும். வெயிலேறி வாடிய குச்சி தண்ணீர் தெளித்தால் நிமிர்ந்ததுபோல் தெரியும், வேர்விடும் வேகத்தில் பின்தங்கிவிடும். கீழ் இலையைக் கிள்ள வேண்டியதில்லை. கிள்ளிய காயத்தில்தான் மென்னழுகல் பாக்டீரியா நுழைகிறது. குச்சி செருகும் கலவைக்கு, அதாவது ஊடகத்துக்கு, கழுவிய கோகோபீட்டும் (தென்னை நார்த்தூள்) பெர்லைட்டும் (எடையற்ற வெள்ளைக் குருணை) சரிபாதி, பெர்லைட் கிடைக்காத இடத்தில் சலித்துக் கழுவிய பருமணல். கோகோபீட்டை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவாவிட்டால் உப்பு தங்கி அடித்தண்டு கருகும். ஐ.பி.ஏ. (இண்டோல் பியூட்ரிக் அமிலம்) 2,500 பிபிஎம் அளவுள்ள வேர்த்தூண்டிப் பொடியில் அடிமுனையைத் தொட்டு, ஊதித் தட்டிவிட்டு, முன்கூட்டியே குச்சியால் போட்ட துளையில் 2 செ.மீ. ஆழம் செருகுங்கள். குச்சியாலேயே மண்ணைக் குத்தி நட்டால் பொடி மேலேயே வழித்துக்கொண்டு நின்றுவிடும். பொடி அதிகமானாலும் தண்டு அழுகும். ‘இன்னும் கொஞ்சம்’ என்பது இங்கே பலிக்காது.

ஊடகத்தின் வெப்பம் 24 முதல் 27 டிகிரி இருந்தால் ஏழெட்டு நாளில் அடியில் வெள்ளைத் தடிப்பு தெரியும், மூன்று முதல் நான்கு வாரத்தில் வேர் நிறையும். 30 டிகிரியைத் தாண்டினால் தடிப்பைவிட அழுகல் முந்திக்கொள்ளும். மேலே துளையிட்ட பாலித்தீன் மூடியோ பாதியாக வெட்டிய தண்ணீர்ப் புட்டியோ கவிழ்த்து, வெளிச்சமான நிழலில் வைத்து, முதல் மூன்று நாள் பகலில் நான்கைந்து முறை பனித்துளிபோல் தெளியுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து தெளிப்பைக் குறைக்க வேண்டும். நாற்பது குச்சியில் முப்பது போவதற்கு முக்கியக் காரணம் வறட்சி என்று நினைக்கிறோம். இரண்டாவது வாரத்திலும் முதல் வாரத்தைப் போலவே தெளித்துக்கொண்டிருந்ததுதான் பெரும்பாலும் காரணம்.

இப்போது அந்த டிசம்பர் குச்சிக்குத் திரும்புவோம். சிவந்த நுனியில் பூமொட்டு உருவாகி முடிந்துவிட்டது. அதன் வளர்முனை பூவாக முடிந்த வளர்முனை. அங்கிருந்து மேற்கொண்டு இலை வராது. இருக்கும் சத்தையெல்லாம் பூவும் நிற இலையும் இழுத்துக்கொள்கின்றன, வேருக்கு மிச்சமில்லை. அக்டோபருக்குப் பிறகு எடுக்கும் எந்த நுனிக்கும் இதே கதைதான், நிறம் இன்னும் தெரியாவிட்டாலும்.

இதைவிட மறைவான கோளாறு ஒன்றும் உண்டு. மாதக்கணக்கில் கிள்ளாமல் விட்ட நீண்ட கிளை, இருபது இலைக்கு மேல் விட்டுவிட்டால், நெடும்பகல் காலத்திலும் தானாகவே பூக்க முனையும். தண்டின் நுனி திடீரென மூன்றாகப் பிரிந்து நடுவில் ஒரு மொட்டு நிற்கும். நர்சரிக்காரர்கள் இதைப் ‘பிளவு’ என்பார்கள். அப்படிப்பட்ட கிளையில் எடுத்த குச்சி வேர்விட்டாலும் நான்கு இலை விட்டதும் பிளக்கும். அதனால் குச்சிக்கென்று வைத்த தாய்ச்செடியை நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை கிள்ளி இளமையாக வைத்திருக்க வேண்டும். ‘யாரும் தொடாத, நன்றாக வளர்ந்த கிளை’ என்று தேடிப்பிடித்து வெட்டுவது தவறான மரியாதை.

இரவின் நீளமும் இரவின் சூடும்

பாய்ன்செட்டியா நீண்ட இரவில் பூக்கும் இனம். தடங்கலில்லாத இருட்டு ஏறத்தாழ 11 மணி 40 நிமிடத்தைத் தாண்டினால் மொட்டு கட்டத் தொடங்கும். அதிலிருந்து முழு நிறத்துக்கு ரகத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து வாரம். கலிபோர்னியாவிலும் ஐரோப்பாவிலும் செப்டம்பர் மூன்றாம் நான்காம் வாரத்தில் இரவு அந்த அளவை எட்டுகிறது, கிறிஸ்துமஸுக்குச் சரியாகச் சிவக்கிறது. பண்டிகைச் செடியானதற்கு இந்தக் கணக்கே முதல் காரணம்.

சென்னையில் டிசம்பர் 21 அன்று பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். மொட்டுக்கு வேண்டிய 11 மணி 40 நிமிட இருட்டு செப்டம்பரிலேயே கிடைத்துவிடுகிறது. அப்படியானால் நவம்பர் தொடக்கத்திலேயே சிவக்க வேண்டுமே? சிவப்பதில்லை. இரவு வெப்பம் 22, 23 டிகிரிக்கு மேல் இருந்தால் செடி இருட்டை எண்ணியும் எண்ணாததுபோல் இருக்கும். மொட்டுக் கட்டுவது தள்ளிப்போகும். சென்னையின் செப்டம்பர் இரவு 25ஐத் தொடும். ஐப்பசி மழை இறங்கிக் காற்று குளிர்ந்த பிறகே வேலை தொடங்குகிறது. ஆகவே கடற்கரைச் சமவெளியில் நல்ல நிறம் டிசம்பர் பின்பாதியிலோ பொங்கலையொட்டியோ வந்தால் அது தாமதமில்லை, அந்த இடத்தின் நேரம். பெங்களூரு, ஏற்காடு, குன்னூர் போன்ற இடங்களில் இரவு 15 முதல் 20 டிகிரிக்குள் நிற்பதால் அதே குச்சி முன்னதாகச் சிவக்கிறது, நிறமும் ஆழமாக விழுகிறது.

இங்கே ஒரு பரவலான யோசனையை மறுக்க வேண்டியிருக்கிறது. மாலை 5 மணி முதல் காலை 8 மணி வரை அட்டைப்பெட்டி கவிழ்க்கச் சொல்வார்கள். குளிர்நாட்டு வீட்டுக்குள் அது சரி. சென்னையில் அக்டோபர் 5 மணிக்கு வெயில் இன்னும் அடிக்கிறது. பெட்டிக்குள் சூடு தங்கி, நாம் தவிர்க்க வேண்டிய வெப்பத்தாமதத்தை நாமே உண்டாக்குகிறோம். நம் ஊரில் இருட்டின் நீளத்துக்குப் பஞ்சமில்லை, தெருவிளக்குக்குத்தான் பஞ்சமில்லாமல் போய்விட்டது. 10, 20 லக்ஸ் வெளிச்சம் விழுந்தாலே மொட்டு தள்ளிப்போகும். ஒரே மரத்தில் விளக்கு பக்கத்துக் கிளை பச்சையாகவும் மறுபக்கம் சிவப்பாகவும் நிற்பதைப் பல தெருக்களில் பார்க்கலாம். தொட்டியென்றால் விளக்கு விழாத மூலைக்கு நகர்த்துங்கள். மரமென்றால் சூரியன் மறைந்த பிறகு விளக்குப் பக்கம் மட்டும் கறுப்புத் துணியைக் காற்றோட்டமாகக் கட்டுங்கள்.

இலங்கையின் நுவரெலியா கிட்டத்தட்ட 7 பாகையில் இருக்கிறது. அங்கே ஆண்டின் மிக நீண்ட பகலே சுமார் 12 மணி 32 நிமிடம், மிகக் குறைந்தது 11 மணி 43 நிமிடம். செடிக்கு எல்லை தாண்டுவதும் திரும்புவதும் சில நிமிடக் கணக்கு. 1,868 மீட்டர் உயரத்துக் குளிரும் சேர்வதால் வெப்பத்தாமதம் கிடையாது. இப்படிப்பட்ட நிலநடுக்கோட்டு மேட்டு நிலங்களில் சிவக்க வைப்பது சிரமமில்லை, பச்சையாக வைத்திருப்பதுதான் சிரமம். வடநாடுகளுக்குக் குச்சி அனுப்பும் கிழக்கு ஆப்பிரிக்கப் பண்ணைகளில் தாய்ச்செடிகளின் மேல் இரவு 10 முதல் 2 மணி வரை விளக்கெரித்து நீண்ட இரவை இரண்டாக உடைப்பது அதனால்தான். மலையில் குச்சிக்கென்று தாய்ச்செடி வைப்பவர்களும் இதைச் செய்யலாம். ஒரு சாதாரண எல்.இ.டி. குமிழ் போதும்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்தின் மலர்ச்சின்னம் பாய்ன்செட்டியா. அங்கே ஜூன் 21 அன்று பகல் 10 மணி 24 நிமிடம்தான், ஆகவே ஜூன், ஜூலையில் சிவக்கிறது. டிசம்பரில் மரம் பச்சையும் இளந்தளிருமாக நிற்கும். அங்கே டிசம்பரில் குச்சி கேட்டால் அது மிகச் சரியான மாதம்!

டொரண்டோ, ஓஸ்லோ போன்ற இடங்களில் மரக் கனவை விட்டுவிட வேண்டும். இரவு 13 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் செடி வீட்டுக்குள் வந்தாக வேண்டும், 10க்குக் கீழே திசு பாதிக்கப்படும். ஓஸ்லோவில் டிசம்பர் இரவு 18 மணி நேரம் நீண்டாலும் வரவேற்பறை விளக்கு நள்ளிரவு வரை எரிந்தால் செடிக்கு அது கோடைகாலம். அங்கெல்லாம் தொட்டி ரகத்தின் புதர்க்குணமே நல்லது.

இடத்துக்கு இடம் எது கொல்கிறது

கடற்கரைச் சமவெளியில் முதல் எதிரி வடகிழக்குப் பருவமழை. மொட்டுக் கட்டும் அதே வாரங்களில் வேரடியில் தண்ணீர் நிற்கிறது. பித்தியம் என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிர் வேரைத் தின்னும்போது மேலே இலை மஞ்சளாகி உதிரும். பலர் உரக்குறை என்று நினைத்து யூரியா போடுவார்கள், கதை முடியும். நடும்போதே 30 செ.மீ. மேடு கட்டி, குழி மண்ணில் மூன்றில் ஒரு பங்கு மணல் கலந்துவிட்டால் பாதித் தொல்லை போகும். இரண்டாவது, புயல்காற்று. சமவெளியில் 2 மீட்டருக்கு மேல் விடுவது சூதாட்டம். பிப்ரவரியில் அடிமரத்தை மட்டும் நிறுத்தி, கிளைகளை இரண்டு மூன்று கணுவுக்கு வெட்டிவிட்டு, நன்கு மட்கிய தொழுவுரம் 5 கிலோ வைத்து, தளிர் எட்டு இலை வரும்போதெல்லாம் கிள்ளுங்கள். கடைசிக் கிள்ளல் செப்டம்பர் நடுவோடு நிற்க வேண்டும்.

மலையில் வளர்ச்சி மெதுவாக இருப்பதால் கடைசிக் கிள்ளல் ஆகஸ்ட் நடுவிலேயே முடியட்டும். அதற்குப் பின் கிள்ளினால் இரண்டு இலைக்கு ஒரு சிவப்பு என்று குட்டையாக நின்றுவிடும். ஊட்டியின் தாழ்ந்த பள்ளங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனி நுனியைக் கருக்கும். அதே ஊரில் நூறு அடி மேலே சரிவிலோ தெற்குச் சுவரோரத்திலோ ஒன்றும் ஆகாது, ஏனென்றால் குளிர்காற்று பள்ளத்தில் தேங்குகிறது.

முற்றிய இலைகளின் ஓரம் மஞ்சளாகிச் சுருண்டால் மாலிப்டினக் குறை, இந்தச் செடிக்கே உரிய பலவீனம். மண் புளித்திருந்தால் கூடும், அமில-காரநிலையை 6 ஒட்டிக் கொண்டுவந்தால் பெரும்பாலும் சரியாகும். நிற இலையின் விளிம்பு கருகினால் சுண்ணாம்புச்சத்து ஏறவில்லை என்று பொருள், ஈரக்காற்றும் அதிகத் தழைச்சத்தும் அதற்குக் காரணம்.

பகிரும்போது

குச்சியோடு போவது ஃபைட்டோபிளாஸ்மா மட்டுமில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் 1986இல் பாய்ன்செட்டியாக் கூடங்களில் திடீரெனப் பெருகிய வெள்ளை ஈ, பெமிசியா டபாசியின் பி-வகை. அலங்காரச் செடி வணிகத்தோடு பல நாடுகளுக்குப் போய்க் காய்கறிப் பயிர்களை நாசமாக்கியது. அதே வகை 1999இல் கர்நாடகத்தின் கோலாரில் தக்காளியில் கண்டறியப்பட்டது. முட்டையும் குஞ்சும் இலையின் அடிப்புறத்தில், வெறுங்கண்ணுக்குத் தூசிபோல்தான் இருக்கும். வாங்கிய குச்சியை மற்ற செடிகளிலிருந்து விலக்கி மூன்று வாரம் வையுங்கள். ஈ முட்டையிலிருந்து பறக்கும் பருவத்துக்கு வர நம் வெப்பத்தில் ஏறத்தாழ அவ்வளவு நாள். பக்கத்தில் ஒரு மஞ்சள் ஒட்டுப்பொறி. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு, வேர்விட்ட பிறகு மாலையில், அடிப்புறம் நனையத் தெளிக்கலாம். வேர்விடும் முன் எண்ணெய் வேண்டாம். இலையற்ற போத்தாக வாங்கினால் இந்த ஆபத்து மிகக் குறைவு, மாவுப்பூச்சியை மட்டும் கணுவிடுக்கில் தேடிப் பாருங்கள்.

ஊர் விட்டு ஊர் கொண்டுபோகும்போது ஈரச் செய்தித்தாளில் சுற்றி, துளையிட்ட பையில், 10 முதல் 13 டிகிரியில் இரண்டு நாள் தாங்கும். வீட்டுக் குளிர்ப்பெட்டி அதைவிடக் குளிர்ச்சி, இலை கறுக்கும். வாழைப்பழத்தோடு ஒரே பையில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் இலைக்காம்புகளை மடித்துத் தொங்கவிடும். பேருந்துப் பயணத்தில் வாடிப்போன குச்சி என்று பழி சொல்லப்படுபவற்றில் பல இப்படிக் கெட்டவை. நாடு விட்டு நாடு என்றால் பெட்டியில் ஒளித்துக் கொண்டுவரும் வேலையே வேண்டாம். இந்தியாவில் 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றிதழும் தேவை. அமெரிக்காவில் புது ரகங்கள் பலவற்றுக்குத் தாவரக் காப்புரிமை உண்டு. விற்பதற்காக இல்லாவிட்டாலும் குச்சி எடுத்துப் பெருக்குவது அங்கே சட்டத்துக்குப் புறம்பு. பழைய தோட்டத்து நெட்டை வகைக்கு இந்தச் சிக்கல் கிடையாது.

கொடுக்கும் குச்சியில் ஒரு சீட்டு கட்டுங்கள்: வெட்டிய தேதி, போத்தா நுனியா, தாய்ச்செடி நெட்டையா புதரா, கடைசியாகக் கிள்ளியது எப்போது, அது நிற்கும் ஊரின் உயரம், அங்கே எந்த வாரம் சிவக்கிறது. ஏற்காட்டில் நவம்பரில் சிவந்த மரத்தின் குச்சி திருவள்ளூரில் ஜனவரியில் சிவந்தால் வாங்கியவர் உரக்கடைக்கு ஓடாமல் இருப்பார்.